ஏப்ரல் மதிய வகுப்பை எப்படி ஓட்டுகிறீர்கள்?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை. மூன்றாம் பருவப் பாடம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. தேர்வு இன்னும் வரவில்லை, ஆனால் பிள்ளைகள் மனதளவில் லீவுக்குப் போய்விட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மோசம். ஓட்டுக் கட்டடம், வெக்கை. பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேருக்கு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் புளியமரத்தின் மேல்தான் கண். ஐந்தாம் வகுப்புக்கு எந்நேரமும் பெரிய பள்ளிக்கூடப் பேச்சு. சக ஆசிரியர் எமிஸ் பதிவு (கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவது), மாணவர் சேர்க்கை என்று அலைகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கணக்கைக் காலைக்கு மாற்றினேன், கொஞ்சம் பலன் உண்டு. அடிப்படை வாசிப்பு, கணக்குக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட அட்டைகளைத் திரும்ப எடுத்தால், "இது முடிச்சாச்சு சார்" என்கிறார்கள். நூலகப் புத்தகம் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறது, ஒன்றாம் வகுப்பு கிழிக்கிறது. சும்மா விளையாட விடலாம்தான். ஆனால் அந்தத் திட்டத்தின் முதல் படியான 'அரும்பு' நிலையில் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டியே வாசிக்கிறார்கள், அவர்களை அப்படியே விட மனமில்லை.

ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரே ஆள் நடத்தக்கூடியதாக, உங்கள் பள்ளியில் உண்மையிலேயே எடுபட்ட செயல்பாடு எது?