பலகையில் கட்டிய கை

எழுபதுகளின் கடைசியில் நான் செவிலியராகச் சேர்ந்தபோது, வயிற்று அறுவை முடிந்து வரும் நோயாளியின் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டுவதுதான் வார்டில் எங்கள் முதல் வேலை. சிரைக்குள் (நம் மக்கள் வாயில் அது எப்போதும் நரம்புதான்) இருப்பது எஃகு ஊசி என்பதால், மயக்கம் தெளியும்போது நோயாளி கையை மடக்கினாலே முனை சுவரைத் துளைத்துவிடும். சலைன் தோலுக்கடியில் இறங்கிக் கை புடைத்துவிடும். ஒரு பெரியவருக்கு ஒரே இரவில் நான்கு இடங்களில் குத்தியும் நிற்காமல், விடியற்காலையில் கணுக்காலைக் கீறிச் சிரையைத் தேடினார்கள். "அறுத்த வயிறு தேவலை தாயி, இந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை" என்றார் அவர்.

கண்ணாடிப் புட்டியிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயையும் கழுவி, அவித்து, மறுபடி மாட்டுவோம். கிருமி செத்தாலும் அதன் நச்சு உள்சுவரில் தங்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் சொட்டு ஏறிய சற்று நேரத்தில் கட்டிலே ஆடுமளவுக்கு நோயாளிக்குக் குளிர் தூக்கிப்போடும்.

எஃகு ஊசிக்கான மாற்று அமெரிக்காவில் வெகுமுன்பே பிறந்திருந்தது. பெரிய ஊசியின் உள்வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தும் முறை 1945-இலேயே மருத்துவ இதழ்களில் வந்தது. ஆனால் ஊசியை உருவியபின் துளை குழாயைவிடப் பெரிதாக இருந்ததால் ஓரத்தில் கசிவு ஏற்படும். ராச்செஸ்டரின் மேயோ கிளினிக்கில் மயக்கவியல் பயிற்சியில் இருந்த டேவிட் மாசா அதை அப்படியே திருப்பிப் போட்டு, பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன குழாயை ஊசியின் மேல் உறைபோல் மாட்டினார். 1950-இல் வெளியான அந்த வடிவத்தில் ஊசி வெளியே வந்துவிடும், குழாய் மட்டும் உள்ளே நிற்கும். இன்று நாம் போடும் பச்சை, ரோஸ், நீல வென்ஃப்ளான் (சிரைக்குள் நிற்கும் பிளாஸ்டிக் குழாய்) எல்லாம் அதன் வழிவந்தவைதான்.

பிளாஸ்டிக்கும் குற்றமற்றதன்று. இதய அறுவை முடிந்த ஒருவருக்கு ரத்த அழுத்தத்தை இறக்கும் நைட்ரோகிளிசரின் மருந்தின் அளவை எவ்வளவு கூட்டியும் அழுத்தம் இறங்காமல் நான் தவித்தபோது, "மருந்தைக் குழாயே குடிக்கிறது சிஸ்டர்" என்ற மயக்க மருத்துவர், சொட்டு இறங்கும் பிவிசி குழாயை எடுத்துவிட்டு, வேறு வகைப் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் குழாய் மாட்டச் சொன்னார். மாற்றிய சில நிமிடங்களில் அழுத்தம் சரசரவென இறங்க, ஓடிப்போய் மருந்தைக் குறைத்தேன்.