போக்கர் சோதனையில் சமச்சீர் தோற்றுவிட்டது, அப்புறம்?

முதுகலை_மாணவி:
இரண்டாம் உலகப்போர்க் காலத்து (1943–46) பிரிட்டிஷ் ராயல் ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலைப் பெண்கள் 7477 பேரின் கண்பார்வை அட்டவணை அசைன்மென்டாக வந்திருக்கிறது. நிரையில் வலக்கண், நிரலில் இடக்கண், இரண்டுக்கும் நான்கு தரங்கள், முதல் தரம்தான் மிகச் சிறந்தது. மூலைவிட்டத்தின் இரு பக்கமும் எதிரெதிர்க் கட்டங்கள் ஒத்திருக்கின்றனவா (சமச்சீர்) என்று பார்க்கும் போக்கர் சோதனையில் கை-ஸ்கொயர் 19.11, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 6. சமச்சீர் இல்லை என்று எழுதி முடித்துவிடலாமா?

மூலைவிட்டம்:
அதற்குள் முடிக்காதீங்க. தரங்களுக்குள் ஏறுவரிசை இருப்பதே போக்கருக்குத் தெரியாது. தரத்துக்குப் பதில் ஊர்ப்பெயர் போட்டாலும் அதே 19.11தான் வரும். மூலைவிட்டத்துக்கு மேலே உள்ள ஆறு கட்டங்களைக் கூட்டுங்கள்: 1171. இவர்களுக்கு வலக்கண் மேல். கீழே 1010. எல்லா ஜோடிக்கும் (மூலைவிட்டத்துக்கு எதிரெதிரே உள்ள இரு கட்டங்கள்) இந்த ஒரே விகிதம், சுமார் 1.16 என்று வைத்தால் புள்ளியியலாளர் மெக்குலா 1978-இல் எழுதிய நிபந்தனைச் சமச்சீர் மாதிரி. கூடுவது ஒரே ஒரு பராமீட்டர், டீவியன்ஸ் (மாதிரி தரவிலிருந்து விலகும் அளவு) சமச்சீர் மாதிரியின் 19.25-இலிருந்து 7.35-க்கு இறங்குகிறது, டிகிரி 5. தாராளமாகப் பொருந்துகிறது.

ஆர்_பைத்தியம்:
குவாசி சமச்சீரை (இரு கண்களின் தர மொத்தங்கள் வேறுபடலாம் என்று தளர்த்திய சமச்சீர்) விட்டுவிட்டீர்களே?

மூலைவிட்டம்:
வேண்டுமென்றேதான். மூன்று பராமீட்டர் செலவழித்து 7.27 வாங்குவானேன்?

முதுகலை_மாணவி:
சரி, ஆனால் ஒரு கண் முதல் தரம், மறு கண் கடைசித் தரம் என்ற ஜோடியில் 66-க்கு 36. விகிதம் 1.8 தாண்டுகிறது. இரண்டாம்–நான்காம் தர ஜோடியிலோ 78-க்கு 82, தலைகீழ். எல்லாவற்றுக்கும் 1.16 என்பது இடிக்கிறதே.

மூலைவிட்டம்:
இடிக்கத்தான் செய்யும். புள்ளியியலாளர் குட்மன் 1979-இல் ஒவ்வொரு துணை மூலைவிட்டத்துக்கும் (மூலைவிட்டத்துக்கு இணையாக ஓடும் கட்ட வரிசை) தனி விகிதம் கொடுத்தார். இங்கே 903-க்கு 775, 202-க்கு 199, 66-க்கு 36. டீவியன்ஸ் 0.50, டிகிரி 3. பார்க்க அழகு. ஆனால் கடைசி மூலைவிட்டத்தில் இருப்பதே ஒரு ஜோடிதான், அது தானாகவே கச்சிதமாகப் பொருந்திவிடும். முந்தைய மாதிரியோடு வித்தியாசம் 6.85, டிகிரி 2. ஐந்து சதவீதத்தில் குட்மன் ஜெயிக்கிறார். இருந்தும் 1.17, 1.02, 1.83 என்று ஏறி இறங்கும் விகிதங்களுக்குக் கண் மருத்துவர்தான் காரணம் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் நிபந்தனைச் சமச்சீரை முன்வைத்து, அந்த 66–36 ஜோடியைத் தனியாகச் சுட்டிக்காட்டுவேன்.

ஆர்_பைத்தியம்:
ஆர் மென்பொருளின் விசிடி (vcd) தொகுப்பில் இதே கண்பார்வைத் தரவு இருக்கிறது, கூடவே 3242 ஆண்களும். பாய்சான் ஜிஎல்எம்மில் (எண்ணிக்கைகளுக்கான ரிக்ரெஷன்) ஜோடிக்கு ஒரு ஃபேக்டர் (வகை மாறி), மேலா கீழா என்பதற்கு இன்னொன்று. மூலைவிட்டக் கட்டங்களை மட்டும் விலக்கிவிடுங்கள்.