05/04 போட்டா மே மாசம்னு எடுத்துக்குது, இன்னா பண்றது?

காசிமேடு_கோடர்:
ஹார்பர்ல மீன்புடி படகு ஓனருங்க ஐஸ் புக் பண்ண ஒரு வெப் ஃபார்ம் செஞ்சி குடுத்துக்குறேன் பா. கடலுக்கு போற தேதிய அவங்களே டைப் பண்ணுவாங்க, ஒருத்தரு 05/04/2025ன்னு போட்டாரு, ஏப்ரல் அஞ்சுதான், ஆனா சிஸ்டம் அத மே 4னு எடுத்துக்கினு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்புடி தடைக்காலம், புக்கிங் கெடையாதுன்னு சொல்லிட்சி, மனுசன் செம காண்டாயிட்டாரு. 14/04 போட்டா இன்வேலிட் டேட்னு வருது. ஜாவாஸ்கிரிப்ட்ல டைப் பண்ணத அப்டியே நியூ டேட்குள்ள (new Date, எழுத்த தேதியா மாத்துறது) குடுக்குறேன். டைப் பண்ணத செக் பண்ண நல்ல ரீஜெக்ஸ் (regex, எழுத்து அமைப்ப பாக்குற பேட்டர்ன்) இருந்தா குடுங்கபா.

தண்டையார்பேட்ட_தம்பி:
நியூ டேட் ஸ்லாஷ பாத்தா அமெரிக்கா கணக்குல மாசத்தத்தான் முன்னாடி படிக்கும் ப்ரோ. 12க்கு மேல இருந்தா இன்வேலிட்னு கத்திடும், அது பரவால்ல, 12 வரைக்கும் இருக்குற நாளுதான் சத்தமே இல்லாம மாறிடும். டேட்டாபேஸ்ல ஏற்கனவே ஏறுன புக்கிங்க முதல்ல பாரு. 04/04 மாதிரி இருக்குறது மட்டும்தான் தப்பிச்சிருக்கும்.

பெரம்பூர்_பேக்எண்ட்:
ரீஜெக்ஸ் எழுத்தோட அமைப்பதான் பாக்கும், 31/04 வந்தா அதுவும் பாஸ், ஏப்ரல்ல ஏது 31? ஸ்லாஷ்ல ஸ்ப்ளிட் பண்ணி நம்பராக்கி நியூ டேட்டுக்கு வருஷம், மாசம், நாள்னு தனித்தனியா குடு, மாசம் 0லேர்ந்து ஆரம்பிக்கும் அதனால ஒண்ணு கழிச்சிக்கோ. 31/04அ அது மே 1ஆ உருட்டிடும், அதனால வந்த தேதியோட நாளையும் மாசத்தையும் திரும்ப எடுத்து டைப் பண்ணதோட ஒத்துப்பாரு, ஒத்து வரலன்னா ரிஜெக்ட். வருஷம் 4 டிஜிட் கட்டாயம், வெறும் 25ன்னு உட்டா 1925க்கு போயிடும்.

வண்ணாரப்பேட்ட_வெப்:
எதுக்கு இவ்ளோ, இன்புட் டைப்ப டேட்னு வச்சிட்டு போ, ஸ்க்ரீன்ல எப்டி காட்டுனாலும் உள்ள வர்றது வருஷம்-மாசம்-நாள்தான்.

காசிமேடு_கோடர்:
காலண்டர தொட்டு எடுக்க சொன்னா திட்டுறாங்க ஜி, கையால அடிக்கிறதுதான் அவங்களுக்கு ஈஸி. சர்வர்ல பிஹெச்பி (PHP) லாங்குவேஜ், அங்க ஸ்ட்ர்டுடைம் (strtotime, எழுத்துல இருக்குற தேதிய படிக்கிற ஃபங்ஷன்) போட்டா போதும்ல?

பெரம்பூர்_பேக்எண்ட்:
அங்கயும் அதே ஆப்புதான். ஸ்லாஷ் இருந்தா மாசம் முன்னாடி, ஹைஃபன் இருந்தா நாள் முன்னாடின்னு எடுத்துக்கும். செக்டேட் (checkdate, அப்டி ஒரு தேதி இருக்கான்னு பாக்குற ஃபங்ஷன்) யூஸ் பண்ணு, ஆனா அதுக்கு மாசத்ததான் முதல்ல குடுக்கணும். ப்ரவுசர் செக்க மட்டும் நம்பாத, அத தாண்டியும் டேட்டா அனுப்பலாம்.

தண்டையார்பேட்ட_தம்பி:
இன்னொண்ணு, கன்ஃபர்ம் பட்டனுக்கு மேல "5 ஏப்ரல் 2025, சனிக்கிழமை"ன்னு எழுத்துல காட்டிடு, நம்பர் மாறுனா கவனிக்காதவரு கூட கெழமை மாறுனா கண்டுபுடிச்சிடுவாரு.