இடம் விலகாத எலும்பு முறிவுக்குக் குறைதிறன் லேசர் தேவையா?

தாமிரபரணி:
அம்மாவுக்கு வயது 63. வாசற்படியில் கால் இடறி விழுந்ததில் வலது மணிக்கட்டில் ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்திருக்கிறது. எலும்பு இடம் விலகவில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, கழற்றி மாட்டக்கூடிய சிம்பு வைத்துக் கட்டியிருக்கிறார் மருத்துவர். வீட்டுக்கு அருகிலுள்ள இயன்முறை மையத்தினரோ, முறிவின் மேல் குறைதிறன் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், வழக்கமாக ஆகும் நாட்களில் பாதியிலேயே எலும்பு கூடிவிடும் என்கிறார்கள். பத்து சிட்டிங்குக்கும் முன்கூட்டியே பணம் கட்டச் சொல்கிறார்கள். இது மருத்துவமா, வியாபாரமா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இயன்முறை_கோவை:
வியாபாரம் என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிட வேண்டாம். 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகளின் தோலில் ரூபி லேசரைப் பாய்ச்சியபோது, ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைவாக வளர்ந்ததைக் கண்டார். இத்துறையின் தொடக்கம் அதுதான். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி சிவப்பு ஒளியையும் அண்மை அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி தூண்டப்படுகிறது என்பதே இன்று முன்வைக்கப்படும் முதன்மையான விளக்கம். எலிகளின் கால் எலும்பில் செய்யப்பட்ட சோதனைகள் பலவற்றில் புது எலும்பு கூடுதலாக உருவாகியிருக்கிறது.

மனிதர்களிடமும் சான்று இல்லாமலில்லை. மணிக்கட்டிலோ கையிலோ எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத 50 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 830 நானோமீட்டர் அலைநீள லேசரும் மற்றதற்குப் போலி லேசரும் வாரம் ஐந்து முறை வீதம் இரண்டு வாரம் கொடுத்த தைவான் ஆய்வு 2014-இல் வெளியானது. லேசர் பெற்றவர்களுக்கு வலி குறைவாகவும், பிடிவலிமையும் கையின் செயல்பாடும் மேலாகவும் இருந்தன. தங்கள் தாயாரின் முறிவு ஏறத்தாழ இதே வகைதான்.

முடநீக்கியல்_மருத்துவன்:
அந்த ஆய்வு நேர்மையான ஆய்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. அது எதை அளந்தது என்பதில்தான் சிக்கல். சிகிச்சைக்கு முன், இரண்டு வாரச் சிகிச்சையின் முடிவில், அதற்கடுத்த இரண்டு வாரத்தில் என மூன்று முறை அளந்தார்கள். லேசர் பெற்றவருக்குச் சிம்பை இத்தனை நாள் முன்னதாகக் கழற்ற முடிந்தது என்ற முடிவு அதில் கிடையாது. எக்ஸ்ரே அளவுகளும் எடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் ஆரையின் கீழ்முனை பஞ்சுபோன்ற எலும்பு. கால் எலும்பின் தண்டில் திரள்வதைப் போலப் புது எலும்பு அங்கே வெளியே திரண்டு தெரிவதில்லை. முறிந்த இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா என்பதையே நாங்கள் எக்ஸ்ரேக்கு இணையாக நம்புகிறோம்.

அடிப்படைக் கேள்வி இன்னொன்று இருக்கிறது. இடம் விலகாத மணிக்கட்டு முறிவு, அசையாமல் வைத்திருந்தால், ஏறத்தாழ ஆறு வாரத்தில் தானாகவே கூடிவிடும். கூடாமல் போவது மிக அரிது. தானாக நடந்தே தீரும் ஒன்றுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அது வேலை செய்ததாகவே தோன்றும். புத்தூர்க் கட்டுக்கு இத்தனை சாட்சிகள் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே இடம் விலகாத முறிவு லேசரை விற்க மிக எளிய இடம்; நிரூபிக்க மிகக் கடினமான இடம்.

இயன்முறை_கோவை:
ஐயா, அந்த வாதம் தனி ஒருவரின் அனுபவத்துக்குப் பொருந்தும். போலி லேசர் வைத்து ஒப்பிட்ட ஆய்வுக்குப் பொருந்தாது. இரு குழுவினருக்கும் எலும்பு தானாகக் கூடத்தான் செய்தது. அதையும் மீறித் தென்பட்ட வேறுபாட்டைப் பற்றியே பேசுகிறேன்.

முடநீக்கியல்_மருத்துவன்:
ஏற்கிறேன். ஆனால் அந்த வேறுபாடு வலியிலும் பிடியிலும் தெளிவாக இருக்கிறது. மையம் விற்பதோ எலும்பின் வேகத்தை.

பௌதிகம்_யாழ்:
நான் மருத்துவத் துறை சார்ந்தவள் அல்லள், பௌதிகம் கற்பிப்பவள். ஒளி எலும்பு வரை போகிறதா என்று இங்கு எவரும் கேட்கவில்லையே என்பதால் எழுதுகிறேன். டார்ச் விளக்கை விரல்களுக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பு மட்டும் ஊடுருவித் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். நீலமும் பச்சையும் குருதியில் உறிஞ்சப்பட்டுவிடும். சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் ஓரளவு தாண்டும். ஆனால் அந்த ஓரளவும் திசுவுக்குள் நேர்க்கோட்டில் செல்லாமல் சிதறிக்கொண்டே போவதால், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தை எட்டுவதற்குள் பெரும்பகுதி தொலைந்துவிடும். எலியின் கால் எலும்புக்கு மேல் இருப்பது மெல்லிய தோலும் சிறிதளவு தசையுந்தான். மனிதத் தொடை எலும்பை அத்தோடு ஒப்பிடவே இயலாது. நமது தோலில் கூடுதலாக உள்ள மெலனினும் தன் பங்குக்கு ஒளியை எடுத்துக்கொள்ளும், 660 நானோமீட்டர் சிவப்பில் அதிகமாகவும் 830 நானோமீட்டர் அண்மை அகச்சிவப்பில் குறைவாகவும்.

அளவு பற்றியும் ஒரு சொல். 100 மில்லிவாட் சாதனத்தை 60 வினாடி பிடித்தால் 6 ஜூல் ஆற்றல் கிடைக்கும். அந்த ஒளி ஒரு சதுர சென்டிமீட்டரில் விழுந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 6 ஜூல். பேனா முனை போன்ற 0.1 சதுர சென்டிமீட்டர் புள்ளியில் விழுந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 60 ஜூல். சாதனமும் நேரமும் ஒன்றேயாயினும் அளவு பத்து மடங்கு மாறிவிடுகிறது. புள்ளியின் பரப்பைச் சொல்லாமல் "ஆறு ஜூல் கொடுத்தோம்" என்பது பாதித் தகவல்.

இயன்முறை_கோவை:
பௌதிக ஆசிரியை சொல்வது சரி; எங்கள் துறையின் பெரிய குறையே இதுதான். அளவு குறைந்தால் விளைவு இல்லை, மிகுந்தால் விளைவு மங்கிவிடும் அல்லது எதிராகத் திரும்பும் என்பது செல் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தென்பட்டிருக்கிறது. தொடை எலும்புக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆனால் மணிக்கட்டின் புறங்கைப் பக்கம் எலும்பு தோலுக்குச் சற்றே கீழேதான் இருக்கிறது, அங்கே ஆழம் பெரிய தடையல்ல. உண்மையான தடை மாவுக் கட்டு. அதனுள் ஒளி நுழையாது. கட்டில் சதுரமாகச் சன்னல் வெட்டி ஒளியைப் பாய்ச்சிவிட்டு, வெட்டிய துண்டைத் திரும்ப வைத்து இறுக்காமல் விட்டால், அந்த ஓட்டை வழியாகத் தசை வீங்கிப் பிதுங்கும். சிம்பைச் சிறிது நேரம் பாதுகாப்பாகக் கழற்ற இயலும் என்பதால்தான் இச்சிகிச்சை பற்றிய பேச்சே நிலையான முறிவுகளைச் சுற்றி நிகழ்கிறது.

முடநீக்கியல்_மருத்துவன்:
என் அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. குறைந்த செறிவு கொண்ட துடிப்பு அல்ட்ராசவுண்டு சாதனத்தை முறிவின் மேல் நாள்தோறும் இருபது நிமிடம் வைத்தால் எலும்பு விரைவாகக் கூடும் என்று 1994-இல் ஓர் ஆய்வு வந்தது. மாவுக் கட்டு போட்ட 67 கீழ்க்கால் எலும்பு முறிவுகளில், 154 நாள் பிடித்த இடத்தில் 96 நாளில் கூடியதாகக் கண்டார்கள். போலிச் சாதனமும் வைத்து ஒழுங்காகச் செய்த ஆய்வுதான். அவ்வாண்டே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது, சாதனம் உலகெங்கும் விற்றது. 2016-இல் 501 நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வு வெளியானபோது, எலும்பு கூடும் வேகத்திலும் சரி, நோயாளி இயல்புக்குத் திரும்புவதிலும் சரி, வேறுபாடே இல்லை. மறு ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. இடையில் ஓடிய 22 ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் பணம் கட்டியிருக்கும்! லேசர் இன்று நிற்பது அந்த 1994-ஆம் ஆண்டில்தான். 50 பேரைக் கொண்ட ஆய்வை வைத்துக்கொண்டு "பாதி நாள்" என்று வாக்குக் கொடுப்பது எனக்குக் கசக்கிறது.

இயன்முறை_கோவை:
2016 ஆய்வில் இருந்தவர்கள் அறுவை சிகிச்சை செய்து எலும்புக்குள் உலோகக் கம்பி பொருத்தப்பட்டவர்கள். 1994 ஆய்வில் இருந்தவர்கள் மாவுக் கட்டில் இருந்தவர்கள். சாதனத்தைச் சொன்னபடி நாள்தோறும் பயன்படுத்தாதவர்களும் 2016 ஆய்வில் கணிசம். ஒலியின் தோல்வியை ஒளியின் கணக்கில் எழுதுவதும் முறையன்று. புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணுக்குக் குறைதிறன் லேசரைப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2018-இல் ஏற்றிருக்கிறது. ஆகவே ஒளிக்குத் திசுவில் வேலையே இல்லை என்று சொல்ல இயலாது.

முடநீக்கியல்_மருத்துவன்:
வாய்ப்புண் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு, அங்கே ஆழப் பிரச்சினை எழவில்லை. அதன் சான்றை எலும்புக்குக் கடன் வாங்க முடியாது. ஒலியும் ஒளியும் வேறு என்பது சரிதான். நான் ஒப்பிடுவது சாதனங்களை அல்ல, சிறிய ஆய்விலிருந்து பெரிய விற்பனைக்குத் தாவும் பழக்கத்தை. வலி குறையும், விரல்களை அசைக்க எளிதாக இருக்கும் என்று மட்டும் சொல்லி ஒரு மையம் லேசர் கொடுத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

தாமிரபரணி:
இன்று மையத்துக்குச் சென்று கேட்டேன். அலைநீளம் 808 நானோமீட்டர், திறன் 100 மில்லிவாட் என்று சாதனத்தின் மேலேயே ஒட்டியிருந்தது. ஒளி விழும் புள்ளியின் பரப்பு அங்கே எவருக்கும் தெரியவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், அதையும் ஊழியரே அணிகிறார். எலும்பு பாதி நாளில் கூடும் என்பதை எழுதித் தரக் கேட்டபோது, "வலி குறையும் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறோம்" என்றார்கள். சிட்டிங் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் கட்டலாம் என்றும் இறங்கி வந்தார்கள்.

பௌதிகம்_யாழ்:
808 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. கூசாததால் கண் தானாக மூடிக்கொள்ளவும் செய்யாது. தங்கள் தாயாருக்கும் அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி கொடுக்காமல் சாதனத்தை இயக்க விடாதீர்கள்.

இயன்முறை_கோவை:
ஒரே கண்ணாடி வைத்திருப்பது மன்னிக்கக் கூடியதன்று. வேறு மையம் பாருங்கள். அதுவரை, சிம்புக்கு வெளியே இருக்கும் விரல்களை முழுவதும் மடக்கி நீட்டவும், தோளையும் முழங்கையையும் அசைக்கவும் அம்மாவைப் பழக்குங்கள். மணிக்கட்டு முறிவுக்குப் பின் பலரை வாட்டுவது எலும்பு கூடாமை அல்ல, இறுகிப்போன விரல்கள். வலி அதற்குத் தடையாக நின்றால் மட்டும் லேசரை யோசிக்கலாம் என்பதே என் நிலை.

முடநீக்கியல்_மருத்துவன்:
இடம் விலகாத முறிவும் முதல் இரண்டு வாரத்தில் நழுவக்கூடும். மறு எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள். லேசருக்காகச் சிம்பைக் கழற்றலாமா என்பதைக் கட்டுப் போட்ட மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள், கழற்றும் நேரத்தில் மணிக்கட்டை மேசையில் தாங்கி வையுங்கள். இத்தனை பதிவுகளிலும் நாம் கேட்காமல் விட்ட ஒன்று: 63 வயதுப் பெண்மணிக்கு, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருக்கிறது. எலும்புத் திண்மைப் பரிசோதனையும் வைட்டமின் டி அளவும் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் லேசருக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் அவற்றை எடுங்கள்.