முல்லைத்தீவு, தண்ணீரூற்று வீட்டார் குழு: விறாந்தைப் பலகையில் கறுப்பு

*சனி*

கரன்: (படம்) முன் விறாந்தையின் வடக்குப் பக்கம். மாரி முடியப் பார்த்தால் இந்தக் கோலம். கீழே பச்சை, மேலே கறுப்புப் புள்ளி.

சாந்தி: தொட்டால் மை மாதிரிக் கையில் ஒட்டுகிறது. இரண்டு நாளாக எனக்குத் தொய்வும் இழுக்கிறது.

கரன்: சந்தியில் வாகனம் கழுவுகிற இடத்தில் பிரஷர் மெஷின் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். நாளைக்கு அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும்.

வதனி: கரன், அதைக் கொண்டுவராதே!!

வதனி: இங்கே நோர்வேயில், பேர்கனில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எங்கள் வீட்டு வெளிச்சுவர் முழுக்கப் பலகை. வந்த புதிதில் நானும் மெஷின் பிடித்தவள்தான். மரத்தின் நார் கிளம்பிப் பூனை மயிர் மாதிரி நின்றது. பலகைக்குப் பின்னால் ஏறின தண்ணீர் காய ஒரு மாதம். அவ்வளவு நாளும் அறைக்குள் ஈர மணம்.

கரன்: அது உங்கள் பைன் மரம் அக்கா. இது முதிரை.

குணம்: எங்கே முதிரை? நிலை நாலும் மட்டும்தான் முதிரை. மிச்சமெல்லாம் வேம்பு. 2011இல் அடித்தவன் நான், எனக்குத் தெரியாதா?

நிரூ: 😂😂

குணம்: மேல் பலகையின் விளிம்பு கீழ்ப் பலகைக்கு மேல் வரும்படி அடித்திருக்கிறேன். மழை வழிந்து போகும். நீ நிலத்தில் நின்று மேல்நோக்கிப் பீய்ச்சினால் இடைக்குள் ஏறும். வதனி சொல்வதுதான் சரி.

வதனி: முதலில் அது பூஞ்சணமா ஊத்தையா என்று பார். வெள்ளைத் துணிக்குப் போடுகிற குளோரின் திரவம் ஒரு சொட்டு கறுப்பில் வை. ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். வெளுக்காவிட்டால் ஊத்தை, இல்லாவிட்டால் ஆணிக் கறை.

கரன்: குளோரின்தான் வீட்டிலேயே இருக்கிறதே. 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்கென்று தந்த தூள், அரை வாளி. கரைத்து அடிக்கவா? டொய்லெட் அசிட் கொஞ்சம் சேர்த்தால் பச்சை உடனே கழன்றுவிடும் என்று ஒரு பெடியன் சொன்னான்.

நிரூ: மச்சான், நில்!

நிரூ: குளோரினும் அசிட்டும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். நெஞ்சைப் பிடித்துவிடும். வினாகிரியும் வேண்டாம். கண்ணாடி துடைக்கிற திரவத்தில் அமோனியா இருக்கலாம், அதுவும் வேண்டாம். ஹாட்வெயாரில் ஒரே பையில் இரண்டையும் வாங்கிக்கொண்டு போகிற ஆட்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் உளைகிறது.

சாந்தி: ஐயோ, நான் பக்கத்து அறையில் படுத்திருக்கிறேனே.

நிரூ: மாமி, அவன் கழுவி முடியும்வரை எங்கள் வீட்டில் வந்து இருங்கள். கரன், அந்தத் தூளைத் தொடாதே. கடைத் திரவத்தில் சுமார் 5 வீதம்தான் பலம். புதுத் தூள் என்றால் அதைவிடப் பல மடங்கு. ஆனால் இத்தனை வருஷம் ஈரத்தில் கிடந்தது எவ்வளவு செத்திருக்கும்? பலம் தெரியாத சாமானை எந்தக் கணக்கில் கலக்கிறது? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் கேட்டு ஒப்படைத்துவிடு.

கரன்: சரி சரி. அப்போ எதால் கழுவ?

வதனி: (குரல் பதிவு 1:12)

கரன்: அக்கா, மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டு நிற்கிறேன், எழுதிவிடுங்கள்.

வதனி: சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான பிறஷும்தான். பச்சை அநேகமாக அதிலேயே போய்விடும். கறுப்பு மிஞ்சுகிற இடத்துக்கு மட்டும் குளோரின் திரவம் 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு. ஒரு 10 நிமிடம் விடு, காயவிடாதே, பிறகு நல்ல தண்ணீரால் கழுவு. தேய்க்கிறது மரத்தின் நார் ஓடுகிற பக்கமாக. பூசுவது கீழிருந்து மேலே, கழுவுவது மேலிருந்து கீழே.

கரன்: கீழிருந்தா? தலைகீழாக இருக்கிறதே.

வதனி: மேலே தொடங்கினால் ஊத்தைத் தண்ணீர் காய்ந்த பலகையில் கோடு கோடாக வழிந்து பிடித்துவிடும். கீழ்ப் பலகை முதலே நனைந்திருந்தால் பிடிக்காது.

சாந்தி: கீழே என் வெற்றிலைக் கொடி நிற்கிறது. கிணறும் பத்தடியில்.

வதனி: கொடிக்கு முதலும் பிறகும் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள் சித்தி. தறப்பாள் இருந்தால் மூடலாம்.

சாந்தி: தறப்பாளுக்கா எங்கள் வீட்டில் பஞ்சம்.

குணம்: கிணற்றுப் பக்கம் தண்ணீர் போகாமல் மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வேலிப் பக்கம் திருப்பு. லைற் வயர் வருகிற மூலையில் அலுமினிய ஏணி வைக்கவே கூடாது. அங்கே நிலத்தில் நின்று, காய்ந்த கம்பில் பிறஷைக் கட்டித் தேய். வயருக்குக் கிட்ட எட்டாதே, அந்தத் துண்டு அழுக்காகவே கிடக்கட்டும். மற்றப் பக்கம் ஏணி வைத்தால் நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே கால் வை. பாட்டாச் செருப்போடு ஏறாதே.

நிரூ: கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கடையில் எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவு, பிறகு ஆஸ்பத்திரி.

*ஞாயிறு*

கரன்: (படம்) (படம்) முடிந்தது. அரை மணித்தியாலம் இல்லை, ஐந்தரை மணித்தியாலம். ஆணியைச் சுற்றின கறுப்பு மட்டும் அசையவே இல்லை.

குணம்: அது பூஞ்சணம் இல்லை. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் சேர்ந்து கறுக்கிறது. அந்த நேரம் துத்தநாகம் பூசின ஆணிக்கு எங்கே போவது.

நிரூ: அதற்கு ஒக்சாலிக் அசிட் இருக்கிறது. ஆனால் அதுவும் நஞ்சு, குளோரினோடு சந்திக்கவே கூடாது. பலகையை நன்றாகக் கழுவிக் காயவிட்டு இன்னொரு நாள் பார்ப்போம்.

குணம்: காய்ந்த பிறகு எஞ்சின் வேஸ்ட் ஒயில் ஒரு கை அடித்துவிடு. கறையான் கிட்டவும் வராது.

வதனி: மாமா, வேண்டாம். அதுக்கு மேல் பெயின்ட் பிடிக்காது. அடுத்த மாரிக்கு ஒயில் கழுவுப்பட்டு எங்கே போகும்?

குணம்: நாங்கள் காலம் காலமாக அடித்ததுதான்.

குணம்: ம்ம். கிணறு பத்தடி. சரி, விடு.

வதனி: இங்கே துறைமுகத்தில் 1702இல் எரிந்த பிறகு கட்டின மரவீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. இவ்வளவு மழையிலும். நனைகிறது பிரச்சினை இல்லை, காயாமல் கிடக்கிறதுதான் பிரச்சினை. படத்தில் வடக்குப் பக்கம் பலகையோடு ஒட்டி என்ன அடுக்கியிருக்கிறது?

கரன்: விறகு.

குணம்: அதை யார் அங்கே அடுக்கினது?

குணம்: ???

சாந்தி: மழையில் நனையாமல் இருக்கத்தானே வைத்தேன்.

நிரூ: 😂

குணம்: விறகு நனையவில்லை, வீடு நனைந்தது. காற்று போக வழியே இல்லை. போதாததுக்கு வாழையும் நிழல் கட்டிவிட்டது. கரன், விறகைக் கம்பால் தட்டித் தட்டி எடு, புடையன் பாம்பு கிடக்கும். சனிக்கிழமை வந்து பின்னால் ஒரு கொட்டில் போட்டுத் தருகிறேன். தாவாரத்தையும் ஒன்றரை அடி நீட்டவேண்டும்.

கரன்: வாழை இரண்டு குலை தள்ளியிருக்கிறது மாமா.

குணம்: குலை வெட்டும்வரை நிற்கட்டும். பிறகு குட்டியை வேலிப் பக்கம் நடு. பெயின்ட் இப்போது வேண்டாம், பங்குனி வெயிலில் நன்றாகக் காயட்டும்.

சாந்தி: வதனி, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறாய்தானே. வரும்போது நீ சொல்கிற அந்த மென்மையான பிறஷ் ஒன்று கொண்டுவா. இவன் என் விறாந்தை கூட்டுகிற தும்புத்தடியால் தேய்த்து முடித்துவிட்டான்.