புதுப்பிப்பு: நோவா எத்தனை நாளில் மங்கும்?

ரி கொரோனே பொரியாலிஸ் என்ற விண்மீன் நோவாவாக (திடீரெனப் பிரகாசித்துப் பிறகு மங்குவதாக) வெடித்தால் யாழ்ப்பாணத்தில் எத்தனை நாள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் என்ற முந்தைய இழைக்கான தொடர்ச்சி இது. முதல் ரெண்டு இரவு பார்த்த பிரகாச அளவை வைத்தே மிச்சத்தைச் சொல்லலாமோ என்று பலர் கேட்டிருந்தினம்.

சொல்லலாம், தொடக்கத்துக்கு மட்டும். 1946 வெடிப்பில் இது உச்சத்திலிருந்து 2 படி (விண்மீன் பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்) மங்க ஏறத்தாழ 4 நாளும், 3 படி மங்க 6 நாளும் எடுத்தது. உச்சம் 2 என்றால் 4ஆம் நாள் 4, 6ஆம் நாள் 5. ஒரு வாரத்துக்குப் பிறகு பைனாக்குலர்தான். பிறகு மங்கும் வேகம் குறைந்து, பிரகாச வரைபடக் கோடு வளையும். பல நோவாக்களில் வெடித்ததிலிருந்து எண்ணும் நாள் இரட்டிக்க ஏறத்தாழ 1.3 படி இறங்கும். ஆகவே வரைபடத்தில் நாளை மடக்கை அளவில் போடுங்கோ.

கணக்குப் பிழைப்பது பெரும்பாலும் உச்ச நாளில்தான். முகில் மறைத்து ஒரு நாள் தவறினாலே, 4 நாள் நோவாவுக்கு அது கால்வாசிப் பிழை.

பிரகாசத்தை ஒப்பிட, அதே விண்மீன் கூட்டத்து அல்ஃபெக்கா (2.2), எப்சிலோன் (4.1) ரெண்டும் பக்கத்திலேயே உண்டு. நோவா சிவக்கத் தொடங்கினால் உற்றுப் பார்க்காதேங்கோ, பிரகாசமாகத் தோன்றி ஏமாற்றும். வானில் தாழ இருக்கும் விண்மீனைக் காற்று மங்கலாக்கும்; யாழ்ப்பாணத்தில் இது உச்சியில் 74 பாகை உயரம் என்பதால் அங்கே கவலையில்லை. ஒக்டோபரில் மேற்கே தாழும்போது ஒரே உயரத்து விண்மீனோடு மட்டும் ஒப்பிடுங்கோ.

மெதுவான நோவாக்களுக்கு இந்தக் கணக்கை நம்பவேண்டாம். ஹெர்குலிசில் 1934இல் தோன்றியது மாதக்கணக்கில் நின்று, தூசி உருவானதும் திடீரென விழுந்து, பிறகு மீண்டது.