விண்டோஸ் 11-இல் பழைய டாஸ் அடகுக் கணக்கு ஓடவில்லை: விர்ச்சுவல் மெஷின் கைகொடுக்குமா?

கணக்குப்பிள்ளை: வணக்கம். எங்கள் அடகுக் கடையில் அப்பா காலத்து ஃபாக்ஸ்புரோ டாஸ் மென்பொருள்தான். 32 பிட் விண்டோஸ் 7 கணினியில் ஓடுகிறது. அது இப்போது நினைத்தால் அணைந்துபோகிறது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கணினியில் போட்டால், இந்த ஆப் இதில் ஓடாது என்கிறது. மீட்காத நகைகளின் வட்டிக் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷின் என்கிறார்களே, சின்னக் கடைக்கு அது சரிப்படுமா?

வயர்மேன்: தாராளமாக. விண்டோஸ் 11 64 பிட்டில்தான் வருகிறது, அதில் 16 பிட் டாஸ் நிரல் ஓடாது. முதலில் டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். அப்புறம் டிஸ்க்2விஹெச்டி என்ற கருவி கொண்டு பழைய வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கி, புதியதில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அந்தக் கோப்பை அதில் வட்டாக மாட்டுங்கள். இனி எந்தக் கணினி போனாலும் அந்தக் கோப்பை இன்னொன்றில் வைத்துக் கடையைத் திறக்கலாம். சின்னக் கடைக்கு இதுதான் பெரிய லாபம்.

கணக்குப்பிள்ளை: மாட்டினேன் அண்ணா. விண்டோஸ் லோகோ வந்ததும் நீலத்திரை, 0x0000007B.

வயர்மேன்: விர்ச்சுவல்பாக்ஸில் வட்டை சாட்டா என்ற புதிய இணைப்பு முறையில் மாட்டியிருப்பீர்கள். பழைய கணினி ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் ஓடியிருந்தால் அந்த விண்டோஸுக்கு சாட்டா டிரைவர் எழும்பாது. ஸ்டோரேஜ் செட்டிங்கில் வட்டை நீக்கி ஐடிஇ-யில் சேருங்கள். இஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய முறை) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சந்தேகப்பேர்வழி: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. ஊரார் நகைக் கணக்கை அதில் வைப்பதா? புது மென்பொருள் வாங்குங்கள் சார்.

வயர்மேன்: வாங்கட்டும், ஆனால் பழைய கணக்கு மாறும்வரை கடை நடக்க வேண்டுமே. நெட்வொர்க்கை ஹோஸ்ட்-ஒன்லி (வெளிக் கணினியோடு மட்டும் பேசும் முறை) என்று வையுங்கள், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு இணையமே கிடையாது. மெஷினின் அந்த நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்ப வேண்டாம், அதுவும் அதே வட்டில்தான் கிடக்கிறது. கடை சாத்தும்போது மெஷினை ஷட்டவுன் செய்து அதன் ஃபோல்டரை வெளி வட்டுக்குக் காப்பி எடுங்கள். இன்னொன்று: கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டும்தான், விண்டோஸ் 7-க்குத் தனி உரிமம் வேண்டும்.

கணக்குப்பிள்ளை: ஐடிஇ-யில் திறந்துவிட்டது! ரசீதுதான் வரவில்லை. டாட் மேட்ரிக்ஸ் யூஎஸ்பி-யில், மென்பொருளோ எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட்டைத்தான் தேடுகிறது.

வயர்மேன்: விண்டோஸ் 11-இல் பிரிண்டரை ஷேர் செய்யுங்கள். உள்ளே கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி1-ஐ அந்த ஷேருக்குத் திருப்புங்கள். வெளிக் கணினியின் பெயர் பிடிபடாவிட்டால் 192.168.56.1 போட்டுப் பாருங்கள். ஹோஸ்ட்-ஒன்லியில் வழக்கமாக வெளிக் கணினியின் முகவரி அதுதான். பாஸ்வேர்டு உள்ள பயனர் கணக்கு அவசியம்.

கணக்குப்பிள்ளை: அடித்துவிட்டது அண்ணா! இரண்டு வரி கீழே தள்ளி அடிக்கிறது, அவ்வளவுதான்.

வயர்மேன்: அது பிரிண்டர் வேலை தம்பி. தாளைச் சரியான இடத்தில் நிறுத்தி, பிரிண்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.